இரண்டு போத்தல் கஷாயம்

பேராச்சி யாரையும் நம்பமாட்டாள். அதைக் குறையாகச் சொன்னவர்களும் உண்டு, சாமர்த்தியம் என்று சொன்னவர்களும் உண்டு. தாராவியில் அவளைத் தெரிந்த எல்லோரும் ஏதோ ஒன்று சொன்னார்கள் என்பது மட்டும் நிச்சயம். ரேஷன் கடையில் நான்கு அரிசியை வாயில் போட்டுக் கடித்துப் பார்த்த பிறகுதான் பையை விரிப்பாள். பால்காரன் செம்பைச் சாய்த்தால் விரலை விட்டு எடுத்து, நகத்தின் மேல் சொட்டு நிற்கிறதா, ஓடுகிறதா என்று பார்ப்பாள். ஒரு வருஷம் அம்மன் கொடையில், சாமியாடி குறி சொல்லிக்கொண்டு வந்தபோது, "என் வீட்டு அடுப்பு எந்தத் தெச பாத்து இருக்கு?" என்று சாமியிடமே கேட்டுவிட்டாள். சாமி வடக்கு என்றது. அடுப்பு கிழக்கு. அன்றிலிருந்து அந்தச் சாமி பேராச்சி நிற்கிற பக்கம் திரும்பி ஆடுவதில்லை.

அந்தப் புத்தி அவளுக்குச் சும்மா வந்துவிடவில்லை. கல்யாணமான மறு வருஷம், திருச்செந்தூர் பக்கத்திலிருந்த அவள் ஊருக்கு ஆள் பிடிக்க வந்த ஒருவன், பம்பாயில் துணி மில்லில் நிழல் வேலை என்று சொல்லி அவளையும் புருஷன் பூதத்தானையும் ரயிலேற்றிக் கூட்டி வந்தான். வந்து சேர்ந்த இடம் கழிமுகத்தை ஒட்டிய தோல் ஷாப்பு. சுண்ணாம்புத் தொட்டியில் மாட்டுத்தோல் ஊறிக்கொண்டிருந்தது. மூன்று நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தலைக்கு மேல் தகரக் கூரை இருந்தபடியால் நிழல் என்று அவன் சொன்னது மட்டும் பொய்யில்லை. அதற்குப் பிறகு எவன் வாயைத் திறந்தாலும், இதில் பொய் எவ்வளவு, தகரக் கூரை எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது.

ஷாப்பு கரீம் பாட்சாவுடையது. வாணியம்பாடிக்காரர், கோபக்காரர், ஆனால் வஞ்சகர் இல்லை. பேராச்சிக்குப் பட்டைக் கொட்டிலில் வேலை. ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் இடித்துத் தூளாக்கிக் கொடுக்க வேண்டும். அந்தச் சாற்றில் வாரக்கணக்கில் ஊறித்தான் தோல் பதமாகும். பன்னிரண்டு வருஷம் இடித்ததில் அவள் கை முழங்கை வரைக்கும் வறுத்த காப்பிக்கொட்டை நிறத்துக்கு வந்திருந்தது. பூதத்தான் தோலில் ஒட்டிய சவ்வைச் சீவுகிறவன். இரண்டு கைப்பிடி போட்ட வளைந்த கத்தியை அவன் இழுத்தால் சவ்வு சுருண்டு விழும், தோலில் கீறல் இருக்காது. ஷாப்பிலேயே அவன் கைதான் நல்ல கை என்று கரீம் பாட்சா நாலு பேர் கேட்கச் சொல்வார். புருஷனைப் பற்றி ஊரார் சொன்னதில் பேராச்சி சோதித்துப் பார்க்காமல் ஒப்புக்கொண்டது அது ஒன்றுதான்.

யுத்தம் வந்தது. பட்டாளத்துக்குப் பூட்ஸ் வேண்டும், அதுவும் உடனே வேண்டும் என்றார்கள். பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் ஆகிற காரியம் குரோம் உப்பில் நாள்கணக்கில் ஆகிவிடும். கரீம் பாட்சா ஷாப்பின் மறு கோடியில் நான்கு தொட்டி கட்டி அந்த உப்பைக் கரைத்து ரொப்பினார். ஆரஞ்சுப்பழச் சாறு மாதிரி, பார்ப்பதற்கு அழகான தண்ணீர். ஆட்கள் அதற்கு மஞ்சத்தொட்டி என்று பேர் வைத்தார்கள். கையில் ஒரு சின்னக் கீறல் இருந்தால் போதும், அந்த வழியாக உள்ளே புகுந்து சதையைக் குடையும். முதலில் கடுகளவு, பிறகு மிளகளவு, வட்டமாக ஆணி அடித்தாற்போலக் குழி விழும். வலிக்காது என்பதுதான் அதிலுள்ள சூது. வலிக்க ஆரம்பிக்கும்போது எலும்பு தெரியும். கையில் குழி விழுந்தவனைப் பிறகு எந்த ஷாப்பும் வேலைக்கு எடுக்காது.

சீவல் வேலைக்காரர்களில் பாதிப் பேரை மஞ்சத்தொட்டிக்கு மாற்றினார்கள். பூதத்தானும் போனான். மூன்றாம் மாதம் அவன் வலது கட்டைவிரலின் அடியில் ஒரு குழி விழுந்தது. எள் அளவுதான் என்று அவன் சிரித்தான். கத்தி பிடிக்கிறவனுக்குக் கட்டைவிரல் இல்லாவிட்டால் மற்ற நான்கு விரலும் எதற்கு என்று பேராச்சி நினைத்துக்கொண்டாள். அன்று முதல் அவளுக்கு வேறு கவலை இல்லை.

கஷாயம் என்று பிற்பாடு பேர் வாங்கிய அந்தச் சங்கதியை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவள் சந்தேகம்தான் கண்டுபிடித்தது. ஒரு நாள் மஞ்சத்தொட்டிப் பக்கம் போனபோது அவள் கையில் நாலு சொட்டுத் தெறித்தது. மற்றவர்களானால் முந்தானையில் துடைத்துவிட்டுப் போயிருப்பார்கள். இவள் நின்று பார்த்தாள். பட்டைக் கறை படிந்த கையில் மஞ்சள் மஞ்சளாக இல்லை, பாசி நிறத்துக்கு மாறிவிட்டது. கொட்டிலுக்குத் திரும்பி வந்து, சிரட்டையில் பட்டைச் சாற்றை விட்டு, அதில் மஞ்சத்தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றிப் பார்த்தாள். மெதுவாகப் பச்சையாயிற்று. கடுக்காயைச் சேர்த்து வேகவைத்த சாற்றில் ஊற்றினால் கண்மூடித் திறப்பதற்குள் பச்சையாயிற்று. நிறம் மாறினால் பல் பிடுங்கின பாம்புதான் என்று தோன்றியது. தோன்றினால் போதுமா? தன்னையே நம்புகிறவளா அவள்?

இரண்டு முழங்கைக்கும் கீழே ஊசியால் கீறிக்கொண்டாள். ஏழு நாள் இரண்டு கீறலிலும் மஞ்சத்தண்ணீரைத் தடவினாள். இடது கையை மட்டும் தடவிய உடனே கஷாயத்தில் முக்கி எடுத்தாள். இடது கைக் கீறல் ஆறிப்போயிற்று. வலது கையில் மிளகளவு குழி விழுந்தது. அந்தத் தழும்பு அவள் சாகும்வரை இருந்தது. அதன் பிறகுதான் பூதத்தானின் கையைப் பிடித்துப் பானைக்குள் முக்கினாள்.

மஞ்சத்தொட்டிக்குப் பக்கத்திலேயே பானை வைத்தாள். தோலைப் புரட்டிவிட்டு வருகிற ஒவ்வொருவனும் பானையில் கையை முக்கி எடுத்துவிட்டுப் பிறகு அடுத்த தோலுக்குப் போனான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றில் மழை பிடிப்பதற்குள், அந்தத் தொட்டிகளில் புதிதாக யார் கையிலும் குழி விழவில்லை. பூதத்தானின் குழி ஓரம் கட்டி மேலே தோல் மூட ஆரம்பித்தது.

எல்லாம் சுமுகமாகப் போனால் கதை ஏது? பட்டாளத்துக்குப் போன தோலில் ஒரு கட்டு திரும்பி வந்தது. தோலில் திட்டுத் திட்டாகப் பச்சை. மேஸ்திரி ஜம்பு, பேராச்சியின் பானையிலிருந்து கைகள் வழியாகச் சொட்டிய தண்ணீர்தான் தொட்டியைக் கெடுத்தது என்றான். அது பொய்யும் இல்லை. மஞ்சளைப் பச்சையாக்குகிற சாறு கையில் செய்வதைத் தொட்டியிலும் செய்யத்தானே செய்யும்? கரீம் பாட்சா யோசித்தார். பானை உண்மையிலேயே ஆட்களின் கையைக் காப்பாற்றுகிறது என்றால் இருக்கட்டும், கையை அலசிவிட்டுத் தொட்டிக்குப் போக இன்னொரு தொட்டி கட்டித் தருகிறேன். வெறும் நம்பிக்கைதான் என்றால் பானை வெளியே போகட்டும் என்றார். எது என்று தெரிந்துகொள்ள, அவரிடம் கடுக்காய் வாங்குகிற மாட்டுங்கா மருந்துக் கம்பெனிக்குச் சொல்லி அனுப்பினார். அங்கே சோதனைக்கூடம் இருந்தது.

அங்கிருந்து வந்தவர் அனந்தநாராயணன் என்கிற பாலக்காட்டு ஐயர். முப்பது வயது இருக்கலாம். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு தோல் குவியல்களுக்கு நடுவே வேட்டியைத் தூக்கிப் பிடித்து நடந்து வந்தார். பேராச்சியின் முன்னால் வந்ததும் கைக்குட்டையை எடுத்துவிட்டு, "இதுல என்னவெல்லாம் போடறேள்?" என்று கேட்டார்.

பேராச்சிக்குத் திடுக்கென்றது. பன்னிரண்டு வருஷத்தில், ஐயர்மார் குடியிருக்கிற மாட்டுங்காவிலிருந்து வந்த எவரும் அவளிடம் மரியாதை வைத்துப் பேசியதில்லை. தோல் ஷாப்புக்காரியை 'ஏய்' என்று கூப்பிட்டால் அவளுக்குப் புரியும். 'போடறேள்' என்றால் என்ன அர்த்தம்? சோழியன் குடுமி சும்மா ஆடாது என்று நினைத்து, "பட்டதான் சாமி" என்றதோடு வாயை மூடிக்கொண்டாள்.

அவர் விடவில்லை. பொறுமையாக விளக்கினார். மனுஷ உடம்பு கண்ணுக்குத் தெரியாத பொடிப்பொடிப் பைகளால் ஆனது. ரத்தத்தில் இருப்பதும் அந்த மாதிரிப் பைகள்தான். கொஞ்சம் ரத்தத்தை உப்புத் தண்ணீரில் அலசிக் கண்ணாடிக் குழாயில் விட்டு, அதில் மஞ்சத்தண்ணீரைச் சேர்த்தால் பைகள் உடைந்து குழாய் முழுக்கச் செந்தண்ணீராக நிற்கும். கஷாயம் பைகளைக் காப்பாற்றுமானால், அவை முழுசாக அடியில் போய்ப் படிந்துவிடும், மேலே தண்ணீர் தெளிவாக நிற்கும். கையில் குழி விழுகிற கதையைக் குழாயிலேயே பார்த்துவிடலாம் என்றார்.

"யாரு ரத்தம் சாமி?" என்று கேட்டாள் பேராச்சி.

அவர் சட்டைக் கையை மடித்துக் காட்டினார். முழங்கை மடிப்பில் ஐந்தாறு ஊசிப் புள்ளிகள். "என்னோடதுதான். வேற யார் கிட்ட போய்க் கேக்கறது?"

இதுவும் அவளுக்குச் சரியாகப் படவில்லை. பட்டாளத்துக்காக ஏழைகளைப் பிடித்து ரத்தம் எடுக்கிறார்கள் என்று தாராவி முழுக்கப் பேச்சாக இருந்த காலம். தோல்காரன் கைக்காகத் தன் ரத்தத்தைக் குழாயில் விடுகிற ஐயர் ஒருவர் உண்டு என்றால், ஒன்று அவர் பைத்தியம், இல்லையென்றால் இதில் பெரிய ஆதாயம் இருக்கிறது. ஆதாயம் இல்லாமலா செட்டி ஆற்றோடு போவான்? கஷாயத்தின் கூட்டைத் தெரிந்துகொண்டு போத்தலில் அடைத்துக் கம்பெனி விற்கப் போகிறது. அல்லது கரீம் பாட்சாவுக்கு எது வேண்டுமோ அதை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகப் போகிறார். கம்பெனிக்குக் கடுக்காய் விற்கிறவர் கரீம் பாட்சாதானே. இரண்டில் எது என்று தெரியாமல் பாம்பென்று தாண்டவும் முடியவில்லை, பழுதென்று மிதிக்கவும் முடியவில்லை.

ஆகவே அவள் தன் வழக்கப்படி சோதித்துப் பார்த்தாள். அவர் கேட்டது ஒரு போத்தல். மறுநாள் அவள் கொடுத்தது இரண்டு. ஒன்றில் அசல் கஷாயம். மற்றதில் கருப்பட்டியைக் கருக்கிக் கரைத்த தண்ணீர்; வாடை காட்டிக் கொடுத்துவிடாமல் இருக்க வேப்பிலைக் கொத்து ஒன்றைப் போட்டுக் கொதிக்க வைத்திருந்தாள். நிறத்தில் இரண்டும் பால் விடாத காப்பி. இரண்டும் ஒரே பானைக் கஷாயம்தான், ஒன்று சிந்தினாலும் இன்னொன்று இருக்கட்டும் என்று சொல்லி அவர் கையில் கொடுத்தாள். அசல் போத்தலின் கழுத்தில் மட்டும் சிவப்பு நூல் கட்டியிருந்தாள். இரண்டும் நல்லது என்று சொன்னால் ஆள் புளுகன். இரண்டும் ஒன்றுக்கும் உதவாது என்றால் மொதலாளி ஆள். சந்தோஷமாக வீட்டுக்குப் போனாள். ஐயரை மடக்கிவிட்டோம் என்கிற நினைப்பில் அன்று ராகம் இழுத்துக்கொண்டே சமைத்ததைப் பூதத்தான் ஆச்சரியமாகப் பார்த்தான். அவனிடமும் அவள் சொல்லவில்லை.

பதினைந்து நாள் கழித்துக் கடிதம் வந்தது. கரீம் பாட்சா அதை வாசித்துவிட்டு, எல்லோரையும் மஞ்சத்தொட்டிப் பக்கம் கூப்பிட்டார்.

"ஒரே பானைக் கஷாயம். செவப்பு நூல் கட்டின போத்தல் காப்பாத்துதாம், இன்னொரு போத்தல் ஒண்ணுமே பண்ணலையாம். பத்துத் தடவ பாத்தாங்களாம், பத்துத் தடவையும் அப்படியேதான். இன்னிக்கு ஒரு மாதிரி, நாளைக்கு ஒரு மாதிரி இருக்கிற சரக்க நம்பி நான் எப்படித் தொட்டி கட்டறது? எடு பானைய."

ஜம்பு காலால் உதைத்தான். பானை இரண்டாக விரிந்து, கஷாயம் தரையில் ஓடிச் சுண்ணாம்பில் கலந்தது.

பேராச்சி அப்படியே நின்றாள். ஐயர் புளுகன் இல்லை. அசல் எது, போலி எது என்று பிசகாமல் சொல்லிவிட்டார். மனுஷர் உண்மையைச் சொன்னதுதான் வினையாகிவிட்டது. வாயைத் திறந்து, "மொதலாளி, அதுல ஒண்ணு கருப்பட்டித் தண்ணி" என்று சொன்னால் போதும். சொல்லவில்லை. ஷாப்பையும் கம்பெனியையும் ஏமாற்றியவள் என்று தன்னையும் பூதத்தானையும் அன்றைக்கே கழுத்தைப் பிடித்துத் தள்ளிவிடுவார்கள் என்று பயந்தாள். இன்றைக்கு வேண்டாம், ஜம்பு இல்லாதபோது சொல்லலாம் என்று நினைத்தாள். மறுநாள் மொதலாளி கோபமாக இருந்தார். அதற்கு மறுநாள் ஊரில் இல்லை. அப்படியே நாள் போயிற்று.

வீட்டில் காலையும் மாலையும் பூதத்தானின் கையைக் கஷாயத்தில் முக்கிவைத்தாள். பகலெல்லாம் மஞ்சத்தொட்டியில் கிடக்கிற கைக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. மூடிக்கொண்டு வந்த குழி திறந்துகொண்டது. பதினேழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம், குழாயடியில் உட்கார்ந்து அவன் கையைக் கழுவினாள். குழியின் அடியில் வெள்ளையாக என்னவோ தெரிந்தது. சீழ் என்று நினைத்துத் துணியால் ஒற்றினாள். அது சீழ் இல்லை. கட்டைவிரலை மடக்கச் சொன்னாள். பாதி மடங்கி நின்றுவிட்டது.

அப்போதுதான் சொன்னாள். கையை விடாமல், தலையைத் தூக்காமல் சொன்னாள்.

"அந்த ரெண்டு போத்தல்ல ஒண்ணு கருப்பட்டித் தண்ணி. நாந்தான் குடுத்தேன். அய்யரு பொய் சொல்லுதாரான்னு பாக்கக் குடுத்தேன்."

பூதத்தான் குழியைப் பார்த்தான். குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது.

"அவரு சொன்னது நெசம்னு ஒனக்கு எப்பத் தெரியும்?"

"கடுதாசி வந்த அன்னைக்கே."

"பதினேழு நாளா, ஏட்டி?"

அவ்வளவுதான் கேட்டான். அடித்திருக்கலாம், ஏசியிருக்கலாம், ஊரைக் கூட்டி நியாயம் கேட்டிருக்கலாம். அவன் ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு எழுந்து வீட்டுக்குள்ளே போனான். பேராச்சி ஓடுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பதினேழு நாளில் ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம் என்று நினைத்தாள்.

மறுநாள் வேலைக்குப் போகாமல் ரயில் தண்டவாளத்தைத் தாண்டி மாட்டுங்காவுக்கு நடந்தாள். கம்பெனி வாசலில் காவல்காரன் விடவில்லை. வாசலுக்கு எதிரே வெயிலில் நின்றாள். மத்தியானம் சாப்பாட்டுக்கு வெளியே வந்த அனந்தநாராயணன் அவளைப் பார்த்து நின்றார். அவர் முகம் வாடியிருந்தது. பேராச்சி அங்கேயே, தெருவிலேயே, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. வாசல் படியில் உட்கார்ந்துவிட்டார். ஒரே கஷாயம் இரண்டு விதமாக வேலை செய்யாது என்று சோதனைக்கூடத்துக்குத் தலைவரான பெரிய டாக்டர் அவரை நாலு பேர் முன்னால் கண்டித்திருக்கிறார். கண்ணாடிக் குழாயைச் சரியாகக் கழுவத் தெரியாதவன் என்று சொல்லிச் சோதனை மேஜையிலிருந்து எடுத்துப் போத்தல் அடைக்கிற இடத்தில் போட்டுவிட்டார்கள்.

"பத்துத் தரம் கழுவினேனாக்கும். பத்துத் தரமும் புதுசா ரத்தம் எடுத்தேன். கடைசில நேக்கே என் கண்ணு மேல சந்தேகம் வந்துடுத்து," என்றார்.

"ரெண்டும் ஒண்ணுன்னே எழுதியிருக்கலாமே சாமி. ஒமக்கு ஒரு தொந்தரவும் இருந்திருக்காதே."

"ஒண்ணா இருந்தாத்தானே ஒண்ணுன்னு எழுதறது?"

பேராச்சிக்கு அழுகை வந்தது. இத்தனை வயதில் இப்படி ஓர் ஆளை அவள் பார்த்ததில்லை. பார்த்தபோது கருப்பட்டித் தண்ணீரைக் கொடுத்திருக்கிறாள்.

கையோடு கொண்டு வந்திருந்த போத்தலை நீட்டினாள். இதுதான் அசல், இதை வைத்து மறுபடி பாருங்கள் என்றாள். அவர் வாங்கிக்கொள்ளவில்லை. இதை யார் நம்புவார்கள் என்று கேட்டார். முதலில் ஒரே கஷாயம் என்றீர்கள், இப்போது ஒன்று போலி என்கிறீர்கள். நானே ஆள் வைத்துச் சொல்லச் சொன்னேன் என்றுதான் பெரிய டாக்டர் நினைப்பார் என்றார். அதுவும் நியாயம்தான். பேராச்சி அந்த இடத்தில் இருந்தால் அவளும் அப்படித்தான் நினைத்திருப்பாள்.

 பிறகு பேராச்சி சொன்னாள்: "அவிய என்னையும் நம்ப வேண்டாம், ஒம்மையும் நம்ப வேண்டாம். ஆறு போத்தல் தாரேன். எது எதுன்னு ஒமக்குச் சொல்ல மாட்டேன். முந்தானையில முடிஞ்சு வச்சிக்கிடுதேன். நீரு பாத்துச் சொன்ன பொறவு எல்லாரு முன்னாலயும் அவுக்கேன்."

அனந்தநாராயணன் அவளையே பார்த்தார். இதுவரை யாரும் தன்னிடம் இப்படி ஒரு யோசனை சொன்னதில்லை என்றார். சந்தேகப்படுகிறவளுக்கு வேறு என்ன தோன்றும் என்று பேராச்சி நினைத்துக்கொண்டாள்.

கரீம் பாட்சாவிடமும் போய் அவளே சொன்னாள். அவர் கத்திய கத்தலில் கூரைத் தகரம் அதிர்ந்தது. கத்தி முடித்துவிட்டு, பூதத்தான் கையைக் கொண்டுவந்து காட்டச் சொன்னார். பார்த்துவிட்டு, சோதனைக்கு அவரும் வருவதாகச் சொன்னார்.

அந்த வெள்ளிக்கிழமை பேராச்சி முதல் முறையாகச் சோதனைக்கூடத்துக்குள் நுழைந்தாள். பெரிய டாக்டர் ஒரு பக்கம், கரீம் பாட்சா ஒரு பக்கம். இந்தத் தடவை ரத்தம் அவளுடையது. அவள்தான் கேட்டுக்கொண்டாள். ஊசி ஏறியபோது முகத்தைத் திருப்பவில்லை. எவ்வளவு எடுக்கிறார்கள் என்று கண் கொட்டாமல் பார்த்தாள். ஆறு போத்தலும் வரிசையாக நின்றன. முந்தானையில் அதே வரிசையில் ஆறு முடிச்சு. கஷாயம் என்றால் உள்ளே கடுக்காய்க் கொட்டை, கருப்பட்டி என்றால் ஒரு புளியங்கொட்டை. முடிச்சுகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. நான்கு குழாய்களில் அடியில் சிவப்பாகப் படிந்து மேலே தண்ணீர் தெளிந்து நின்றது. இரண்டு குழாய்கள் மேலிருந்து கீழ் வரை செக்கச் செவேல் என்று நின்றன. அது தன் உடம்பிலிருந்து வந்தது என்பதும், அந்த இரண்டு குழாயில் அது உடைந்து சிதறிவிட்டது என்பதும் பேராச்சிக்குப் புரிந்தது. பூதத்தானின் கட்டைவிரலுக்குள் பதினேழு நாள் நடந்தது இதுதான் என்றும் புரிந்தது. அனந்தநாராயணன் இரண்டாவதும் ஐந்தாவதும் போலி என்றார். பேராச்சி முந்தானையை அவிழ்த்தாள். ஒவ்வொரு முடிச்சாகக் கரீம் பாட்சாவே எடுத்து மேஜையில் வைத்தார். இரண்டாவதிலும் ஐந்தாவதிலும் புளியங்கொட்டை.

பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அனந்தநாராயணனை மறுநாளே மேஜைக்குத் திரும்பச் சொன்னார். கரீம் பாட்சா பத்தடி தள்ளிப் பானை வைக்கவும், கையை அலசிவிட்டுத் தொட்டிக்குப் போக ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டவும் அன்று சாயங்காலமே கொத்தனுக்குச் சொல்லி அனுப்பினார். இந்தத் தடவை ஒரு பானை இல்லை, மூன்று பானை. அதற்குப் பிறகு யுத்தம் முடியும்வரை அந்த ஷாப்பில் யாருக்கும் கை போகவில்லை. பேராச்சி பயந்தபடி யாரும் கஷாயத்தைத் திருடிப் போத்தலில் அடைத்து விற்கவும் இல்லை. அது திருடுவதற்குத் தகுந்த சரக்கு என்றே எந்தக் கம்பெனிக்கும் தோன்றவில்லை.

பூதத்தானின் குழி மூடியது. கட்டைவிரல் மட்டும் பாதியில் நின்றது நின்றதுதான், மடங்கவில்லை. ஷாப்பிலேயே நல்ல கை என்று பேர் வாங்கியவன் கத்தியைக் கீழே வைத்தான். கரீம் பாட்சா அவனை வெளியே அனுப்பவில்லை. வெயிலில் காய்கிற தோல்களுக்குப் பக்கத்தில் நாயும் காக்கையும் வராமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அவன் ஒரு கம்பை இடது கையில் வைத்துக்கொண்டு அங்கே உட்கார்ந்திருப்பதைப் பட்டைக் கொட்டிலிலிருந்து பார்க்கலாம். பேராச்சி இடித்துக்கொண்டே பார்ப்பாள். பார்க்காமலும் இருக்க முடியாது, வாசல் அந்தப் பக்கம்தான்.

அவள் அதற்குப் பிறகும் ரேஷன் அரிசியைக் கடித்துப் பார்த்தாள். பால் செம்பில் விரலை விட்டாள். அது போகிற குணமா? ஆனால் அனந்தநாராயணன் எப்போதாவது தாராவிப் பக்கம் வந்து ஏதாவது வேர், பட்டை கேட்டால், அவர் கேட்டதைக் கேட்டபடி கொடுத்தாள்.

பூதத்தானின் தழும்பில் குளிர்காலத்தில் வெடிப்பு விழும். சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் அவள் கஷாயம் வைத்து, ஆறவிட்டு, சட்டியை அவன் முன்னால் தள்ளுவாள். அவன் தினமும் ஒன்றையே கேட்பான். சிரித்துக்கொண்டுதான் கேட்பான், அக்கம்பக்கத்தாரும் கேட்டுச் சிரிப்பார்கள்.

"இது எந்தப் போத்தல், ஏட்டி?"

பேராச்சி ஒரு நாளும் சிரித்ததில்லை. "நல்ல போத்தல்தான்" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள், அவன் சட்டியைப் பார்க்காமலே கையை உள்ளே விட்டிருப்பான்.